கல் கேள்வி – பதில்: ஸ்படிகமா, கண்ணாடியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் பற்றியவை. ஸ்படிகம், செவ்வந்திக்கல், ரோஸ் குவார்ட்ஸ், சிட்ரின், புலிக்கண் என்று பெயர்தான் வேறே தவிர எல்லாம் ஒரே குடும்பம். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. அதனால் எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொண்டோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

யாத்திரை போன இடத்தில் ஸ்படிக மாலை வாங்கினேன். கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணிகளை உரசி, உள்ளே வெளிச்சம் வருவதைக் காட்டினார். வீட்டில் அண்ணன் பார்த்துவிட்டு இது வெறும் கண்ணாடி என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, விருதுநகர்

கடைக்காரர் காட்டியது கண்கட்டு வித்தை இல்லை. இரண்டு ஸ்படிகத்தை அழுத்தி உரசினால் இருட்டில் மங்கலான ஒளி நிஜமாகவே தெரியும். ஆனால் சில கண்ணாடிகளும் அப்படிக் காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உரசின இடத்தில் மணி வேறு தேய்ந்துபோகும்.

முதலில் மாலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்படிகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் நம் உடம்புச் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டு ஜில்லென்று இருக்கும். பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கோலியையும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் வித்தியாசம் புரியும். ஸ்படிக மாலை சூட்டைத் தணிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வது இந்த ஜில்லிப்பிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாலை சீக்கிரமே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு தணிக்க எதுவும் இல்லை.

அடுத்து நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. மணிக்குள் உருண்டையான காற்றுக்குமிழி ஒன்று தெரிந்தாலும் போதும், அது கண்ணாடி. இயற்கை ஸ்படிகத்தில் குமிழிக்குப் பதில் மெல்லிய திரை போன்ற கீறல்களும் புகை படிந்த மாதிரி இழைகளும் இருக்கும். ஓட்டையையும் பாருங்கள். அச்சில் வார்த்த கண்ணாடி மணியின் ஓட்டை விளிம்பு வழவழவென்று உருண்டிருக்கும், சில சமயம் மணியைச் சுற்றி ஓர் ஒட்டுக்கோடும் ஓடும். துளை போட்ட ஸ்படிகத்தில் விளிம்பு பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும், துளையின் உட்புறம் வெளிறித் தெரியும். பட்டை தீட்டிய மணி என்றால் பட்டைகள் சேரும் விளிம்பு ஸ்படிகத்தில் கூர்மையாக நிற்கும், கண்ணாடியில் சில மாதம் கழுத்தில் கிடந்தாலே மழுங்கிவிடும்.

இவற்றைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு, காசும் செலவில்லை. லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸை (சாதாரண கறுப்புக் கண்ணாடி உதவாது) கையில் பிடித்து, திரை கறுத்துப்போகும் வரை மெல்லச் சுழற்றுங்கள். இப்போது திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் மணியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மணி கறுப்பாகவே இருக்கும், இருந்தால் விளிம்பில் லேசாக ஏதாவது தெரியலாம். ஸ்படிகம் என்றால் கறுத்த திரை நடுவே அந்த மணி மட்டும் பளிச்சென்று எரியும், திருப்பத் திருப்ப வெளிச்சம் கூடிக் குறையும், சில கோணத்தில் வண்ணங்களும் வரும். ஸ்படிகத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து போவதால் நடப்பது இது. நேரான சுவருள்ள கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மணியைத் தொங்கவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அதுவே வண்ணம் காட்டிக் குழப்பிவிடும்.

ஒரே ஒரு சங்கடம். ஆலையில் வளர்க்கும் ஸ்படிகமும் உண்டு. அதுவும் குவார்ட்ஸ்தான், மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஒரு பொட்டு மாசுகூட இல்லாத 108 மணி மாலை மலிவு விலைக்குக் கிடைத்தால் கண்ணாடி அல்லது ஆலைக்கல் என்று நினைத்துக்கொள்வதே நல்லது. மண்ணிலிருந்து எடுத்த கல்லில் அவ்வளவு சுத்தம் சுலபத்தில் கிடைக்காது.

தாத்தாவின் பெட்டியில் 'வல்லம் கண்ணாடி' என்று ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. கல்லில் செய்தது, கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார். உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

உண்மை. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே உள்ள வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்து விற்றிருக்கிறார்கள், ஒரு காலத்தில் அதற்கு நல்ல பெயர். கண்ணாடியைவிடக் கடினம் என்பதால் எளிதில் கீறல் விழாது. குளிர்ச்சி என்பது நான் முதல் பதிலில் சொன்ன அதே ஜில்லிப்புதான், பார்வைக்கு அதனால் தனி லாபம் கிடையாது. உங்களிடம் இருப்பது கல்தானா என்று லேப்டாப் சோதனையிலேயே பார்த்துவிடலாம். லென்ஸ் தட்டையாக இருப்பதால் மணியைவிடச் சுலபம். பாலிஷ் போடுகிறேன் என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

சிட்ரின் பிரேஸ்லெட் பணத்தை ஈர்க்கும் என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். நல்ல ஆரஞ்சு நிறம். நிஜக் கல்தானா?
– வாசகர், திருப்பூர்

நிஜக் கல்லாகவே இருக்கலாம், ஆனால் பிறக்கும்போது சிட்ரினாகப் பிறந்திருக்காது. சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி செவ்வந்திக்கல்லைச் சூளையில் வைத்துச் சுட்டது. செவ்வந்திக்கல்லின் ஊதா நிறம், கல்லுக்குள் இருக்கும் துளி இரும்பின் மேல் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு லட்சக்கணக்கான ஆண்டுகள் பட்டு வந்தது. அதை 400, 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் ஊதா போய் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று மாறிவிடும். பிரேசிலிலிருந்து வரும், குகை மாதிரி குழிவான பெரிய 'சிட்ரின்' கட்டிகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், நுனியில் கருகின ஆரஞ்சும் அடியில் சுண்ணாம்பு வெள்ளையுமாக. அந்த நிறமே அது சூளைக்குப் போய் வந்ததைச் சொல்லிவிடும். இயற்கை சிட்ரின் பெரும்பாலும் வெளிறிய மஞ்சள், கொஞ்சம் புகை கலந்த மாதிரி இருக்கும். கிடைப்பதும் அரிது.

பூமியே இரண்டு நிறத்தையும் ஒரே கல்லில் சேர்த்துவைத்த கற்களும் இருக்கின்றன. பொலிவியாவின் அனாஹி சுரங்கத்தில் ஒரே கல்லில் ஒரு பாதி ஊதா, மறு பாதி மஞ்சள் என்று கிடைக்கிறது, அதற்கு அமெட்ரின் என்று பெயர்.

சுட்ட கல்லை விற்பது மோசடியா என்று கேட்டால், கல் வியாபாரத்தில் அது வழக்கமான காரியம். சொல்லிவிட்டு விற்றால் தப்பில்லை. சொல்லாமல் இயற்கை சிட்ரின் விலை வாங்குவதுதான் தப்பு. எல்லா மணியும் ஒரே அடர்த்தியில் ஒரே ஆரஞ்சாக இருந்தால் சாயக் கண்ணாடியாகவும் இருக்கலாம், லென்ஸ் வைத்துக் குமிழியைத் தேடுங்கள். பணத்தை ஈர்க்கும் என்பது பற்றி: மேல்நாட்டுக் கல் கடைகளில் இதற்கு 'வியாபாரியின் கல்' என்று பட்டம் உண்டு. மஞ்சள், பொன், பணம் என்று நிறத்தை வைத்து ஓடுகிற கற்பனை அது. இதுவரை உங்கள் பிரேஸ்லெட் பணத்தை ஈர்த்தது விற்றவர் பக்கம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கல்லுக்கு என்ன பலன் என்று ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது?
– வாசகி, சென்னை

வெவ்வேறு காலத்துப் பேச்சுகள் ஒரே தட்டில் வந்து விழுந்ததால்தான் இந்தக் குழப்பம்.

நம் பக்கத்துப் பழைய வழக்கத்தில் குவார்ட்ஸ் என்றால் ஸ்படிகம், ஸ்படிகம் என்றால் வழிபாடு. சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் ஆறு கால அபிஷேகம் நடக்கிறது, ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கென்றே கூட்டம் நிற்கிறது. சரஸ்வதியின் கையிலும் ஸ்படிக மாலை. இதில் 'இந்தக் கல்லைப் போட்டால் வேலை கிடைக்கும்' என்கிற பேரம் கிடையாது. தெளிவு, தூய்மை, எதிரே இருப்பதை அப்படியே காட்டும் தன்மை ஆகியவற்றுக்காகத்தான் அந்த இடம் கொடுத்திருக்கிறார்கள். ஜோதிடத்தில் கதையே வேறு. நவரத்தினம் ஒன்பதில் குவார்ட்ஸ் குடும்பத்துக் கல் ஒன்றுகூடக் கிடையாது. வைரம் வாங்க முடியாதவருக்குச் சுக்கிரனுக்காக ஸ்படிகம், நீலம் வாங்க முடியாதவருக்குச் சனிக்காகச் செவ்வந்திக்கல் என்று மாற்றுக் கற்களாகத்தான் இவை உள்ளே வந்தன.

செவ்வந்திக்கல்லுக்கு மேற்கே போனால் இன்னொரு வேலை இருந்தது. அதை வைத்திருந்தால் மது தலைக்கேறாது என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். கிறிஸ்தவ ஆயர்களின் மோதிரத்தில் அதே கல் இடம்பிடித்தது. பிரேசிலில் 19ஆம் நூற்றாண்டில் குவியல் குவியலாகக் கிடைக்கும் வரை அதற்கு ராஜ மரியாதை இருந்தது, அதற்குப் பிறகுதான் விலை இறங்கியது.

இன்று இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்க்கும் பட்டியலுக்கு, அதாவது ரோஸ் குவார்ட்ஸ் காதலுக்கு, சிட்ரின் பணத்துக்கு, ஸ்மோக்கி குவார்ட்ஸ் கெட்ட சக்தியை இழுத்துக்கொள்ள, புலிக்கண் துணிச்சலுக்கு, பச்சை அவெஞ்சுரின் அதிர்ஷ்டத்துக்கு, நிறமில்லாத ஸ்படிகம் மற்ற எல்லாவற்றின் சக்தியையும் பெருக்க என்று வருகிறதே, அதற்கு அவ்வளவு வயதில்லை. 1970, 80களில் அமெரிக்காவில் பரவிய 'நியூ ஏஜ்' அலையில்தான் அது இந்த வடிவத்துக்கு வந்தது. சக்கரங்களுக்கு வானவில்லின் ஏழு நிறங்களைப் பிரித்துக் கொடுத்து, நிறத்துக்கு ஏற்ற கல்லை அந்தந்த இடத்தில் வைப்பதும் 20ஆம் நூற்றாண்டில் மேற்கில் செய்த ஏற்பாடுதான். நம் ஊர்ச் சரக்கு மாதிரி பேக் செய்து நமக்கே திரும்பி வருகிறது.

கையில் பிடித்தால் ஏதோ சிலிர்ப்பு வருகிறதே என்பவர்களுக்கு: லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சும் குழுவினரும் 80 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2001இல் அறிவித்தார்கள். சிலர் கையில் நிஜக் கல், சிலர் கையில் போலிக் கல், எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. சிலிர்ப்பு, சூடு, நிம்மதி என்று இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். என்னென்ன உணர்வு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்களுக்கு அது கூடுதலாக வந்தது. நிம்மதி பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கல் நிஜமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

இலங்கையின் ரோஸ் குவார்ட்ஸ் மலையான நமல் உயன பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ரோஸ் குவார்ட்ஸ் மேல் ஆசை. கடையில் வாங்கின கல் ஜன்னலோரம் வைத்ததில் வெளிறிப் போய்விட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, வவுனியா

அதற்குள் முடிவு கட்டாதீர்கள். நல்ல ரோஸ் குவார்ட்ஸுமே நாள்பட்ட வெயிலில் வெளிறலாம். செவ்வந்திக்கல்லும் ஸ்மோக்கியும் அப்படியே. சாயம் ஏற்றிய கல்லா என்று பார்க்க, பஞ்சில் நெயில்பாலிஷ் ரிமூவர் தொட்டு அடிப்பக்கம் துடைத்துப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஒட்டினால் சாயம். விரிசல் கோடுகளில் மட்டும் நிறம் திரண்டு நின்றாலும் அதே கதைதான்.

தம்புள்ளைப் பக்கத்து அந்த மலையில் பார்த்திருப்பீர்களே, ரோஸ் குவார்ட்ஸ் பாறையாகத்தான் கிடக்கும், பட்டை பட்டையான கூர்நுனிப் படிகமாக வளர்வது மிக அரிது. கடையில் விற்கும் ஆறு பட்டைக் கூர்முனைகள் எல்லாம் பாறையை வெட்டித் தீட்டியவை. உள்ளே பரவியிருக்கும் நுண்ணிய இழைகள்தான் அந்த நிறத்தைத் தருகின்றன, அதனால் கொஞ்சம் பால் கலங்கினாற்போல் இருப்பதுதான் இயல்பு. கண்ணாடி போலத் தெளிவாகவும் அடர்ந்த ரோஜா நிறமாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜன்னல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்படிக உருண்டையை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். அது பூதக்கண்ணாடியின் வேலையைச் செய்து திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும். வெளிநாடுகளில் வீடுகளே எரிந்திருக்கின்றன.

எங்கள் காட்டில் உழும்போது வெள்ளை வெள்ளையாகக் கல் வருகிறது. சிலது கண்ணாடி போல இருக்கிறது. விலை போகுமா?
– வாசகர், காங்கயம்

நீங்கள் சொல்வது வெங்கச்சாங்கல்லாகத்தான் இருக்கும். சின்ன வயதில் இரண்டை எடுத்துத் தட்டி நெருப்புப் பொறி பார்த்திருப்பீர்களே, அதேதான். பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். குவார்ட்ஸில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் கல்லில் சாம்பல் கோடாக ஒட்டும். கீறல் சுலபமாக விழுந்தால் கால்சைட்டாக இருக்கலாம், கொஞ்சம் பொடி செய்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை கட்டும். உடைந்த முகம் சமதளமாக, படிப்படியாக மின்னினால் அது ஃபெல்ட்ஸ்பார். குவார்ட்ஸ் உடைந்தால் சிப்பியின் உட்புறம் போல வளைந்து வளைந்து உடையும்.

வெறும் வெள்ளைக் கல்லுக்கு நகை மதிப்பு இல்லை. ஊதாவாகவோ நன்கு தெளிவாகவோ கிடைத்தால் எடுத்து வையுங்கள், காங்கயம் – கரூர் வட்டாரம் கற்களுக்குப் பேர்போனதுதான். உங்கள் ஊருக்கு வடக்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், பச்சைக்கல், நீலக்கல் எல்லாவற்றிலும் மணி செய்திருக்கிறார்கள். அகழாய்வில் முடிந்த மணிகளோடு துளை போடாமல் பாதியில் விட்ட மணிகளும் வெட்டிப்போட்ட சில்லுகளும் கிடைத்திருப்பதால், வாங்கி அணிந்த ஊர் மட்டும் இல்லை அது, பட்டறை ஊரே அதுதான் என்பது நிச்சயம்.

செர்ரி குவார்ட்ஸ், ஓபலைட், கோல்டுஸ்டோன் – இதெல்லாம் என்ன?
– வாசகி, கோவை

மூன்றும் கண்ணாடி. கோல்டுஸ்டோனில் மினுங்குவது செம்புத் துகள். அழகுக்காக வாங்குங்கள், கல் விலை கொடுக்காதீர்கள். இதோடு, பச்சை நீலம் சிவப்பு என்று பல நிறத்தில் 'கேட்ஸ் ஐ' விற்கிறார்களே, அதுவும் இழைக் கண்ணாடிதான், வைடூரியம் இல்லை.

ஸ்படிகம் போட்ட தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் குடிக்கலாமா?
– வாசகர், பெங்களூரு

குவார்ட்ஸ் தண்ணீரில் கரையாது, அதனால் கெடுதலும் இல்லை, தண்ணீரில் சேர எதுவும் இல்லாததால் பலனும் இல்லை. பயப்பட வேண்டியது கல்லை ஒட்டிய பசை, உலோக மூடி, சாயம் இவற்றுக்குத்தான். அதே யோசனையில் பச்சையாக இருக்கிறதே என்று மாலகைட்டைப் போட்டுவிடாதீர்கள், அது செம்புத் தாது. பைரைட், கலீனா இரண்டும் கூடவே கூடாது, கலீனா ஈயத் தாது. பாட்டிலைக் கழுவ முடிகிறதா என்பதையும் பாருங்கள், கல் பொருத்திய அடிப்பகுதியில் பாசி பிடித்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கைக்கடிகாரமே குவார்ட்ஸின் சக்தியில்தானே ஓடுகிறது? அப்படியானால் கல்லுக்குச் சக்தி இருக்கிறது என்று ஆகிறதே?
– வாசகர், மதுரை

கடிகாரம் ஓடுவது பேட்டரியின் சக்தியில். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், குவார்ட்ஸ் சும்மா கிடக்கும். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாகும் என்று ஜாக் கியூரியும் பியர் கியூரியும் 1880இல் கண்டுபிடித்தார்கள். இதைத் திருப்பிப் போட்டு, மின்சாரம் கொடுத்தால் கல் அதிரும். கடிகாரத்துக்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய ஒரு குட்டித் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, அதை ஒரு சில்லு எண்ணி, பாதி பாதியாக 15 முறை குறைத்து, நொடிக்கு ஒரு துடிப்பாக்குகிறது. கல் கொடுப்பது சக்தியை இல்லை, பிசகாத தாளத்தை. அந்தத் துண்டும் ஆலையில் வளர்த்த குவார்ட்ஸ்தான், இயற்கைக் கல்லை அந்த வேலைக்கு நம்ப முடியாது.

வீட்டுச் சோதனையில் திருப்தியில்லை. லேபில் கொடுத்தால் கல்லை உடைப்பார்களா?
– வாசகி, சேலம்

உடைக்க மாட்டார்கள். ஒளிவிலகல் எண் பார்க்கும் சின்னக் கருவியில் கல்லின் தட்டையான முகத்தை வைத்தாலே போதும், குவார்ட்ஸ் என்றால் 1.544, 1.553 என்று இரண்டு அளவு காட்டும், கண்ணாடி ஒன்றுதான் காட்டும். அடர்த்தியும் எடுப்பார்கள், அது 2.65 வர வேண்டும். கொடுக்கும்போது 'குவார்ட்ஸா' என்று மட்டும் கேட்காதீர்கள், 'இயற்கையா, ஆலையில் வளர்த்ததா' என்றும் சேர்த்துக் கேளுங்கள், கட்டணத்தையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பல சமயம் லேப் கட்டணம் மாலை விலையைத் தாண்டிவிடும்.